திறந்த கறை

நீவெஸ் அப்பாவின் இரண்டு கால்களையும் கம்பளிக்குள் தள்ளி, அதன் ஓரத்தை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகினாள். விடிந்ததிலிருந்து இது மூன்றாவது முறை. அவள் நிமிர்வதற்குள் கிழவர் உணர்வுள்ள இடது காலால் உதைத்துக் கம்பளியை மறுபடி கிளப்பிவிட்டார்.

"மாக்கியா," என்றார். "மாக்கியா அபெர்த்தா."

கதவில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த தம்பி ஒரெஸ்தே சிரித்தான். "உன்னைத்தான். ஆஜர் சொல்லு."

"கேட்டுச்சு."

"நாலு நாளா சூப்பு இறங்கல, தண்ணி இறங்கல. உன் பேரு மட்டும் எப்படித் தெளிவா வருது பாரு!"

"அது என் பேரு இல்ல."

"ஊரைக் கேட்டுப் பாரு," என்றான். கோப்பையை அலமாரி மேலேயே வைத்துவிட்டுக் கீழே பட்டறைக்கு இறங்கிப் போனான். கொஞ்ச நேரத்தில் தரை வழியாக இழைப்பு இயந்திரத்தின் சத்தம் ஏறி வந்தது. வீடு மேலே, பட்டறை கீழே. மிலான் பக்கம் மரச்சாமான் செய்யும் மேதா ஊரில் பாதி வீடுகள் அப்படித்தான்.

நீவெஸ் என்றால் பனி. பனிமய மாதா திருநாளன்று பிறந்தவள். அப்பா ஃபெர்மோதான் கோயிலில் நின்று அந்தப் பெயரை வைத்தார். பனி என்று பெயர் வைத்த அதே வாய்தான் அவளை இருபத்தேழு வருஷமாக மாக்கியா என்று கூப்பிட்டது. மாக்கியா என்றால் கறை.

அந்தக் கதை ஊருக்கே தெரியும். ஃபெர்மோ வெனீர், அதாவது காகிதம்போல் மெல்லிசாகச் சீவிய மரத் தகடு, ஒட்டுவதில் பெரிய கை. ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய இரண்டு தகடுகளை எடுத்துப் புத்தகம் விரிப்பதுபோல் விரித்து அருகருகே ஒட்டினால், இடது தகட்டின் ரேகை வலது தகட்டில் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி விழும். அதற்குத்தான் தொழிலில் மாக்கியா அபெர்த்தா என்று பெயர். வீட்டுப் பேச்சில் கறையாக இருக்கிற சொல், பட்டறைக்குள் நுழைந்ததும் மர ரேகை ஆகிவிடும். விரிந்த ரேகை. மொழிப் படிப்பை முடித்துவிட்டு வந்த இருபத்துநாலு வயது நீவெஸ், பட்டறையின் முதல் ஆங்கிலக் கேட்டலாகை மொழிபெயர்த்தபோது அந்த இடத்தில் 'ஓப்பன் ஸ்டெயின்' என்று எழுதினாள். திறந்த கறை. வெனீர்க்காரன் மகளுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். தொட்டிலில் கிடந்தபோதே காதில் விழுந்த சொல். ஆனால் காகிதத்தில் பார்த்ததும் காதை நம்பாமல் அகராதியை நம்பினாள். படித்த பிள்ளைகளுக்கு வருகிற வியாதி.

ஐயாயிரம் பிரதி அச்சாகி மிலான் கண்காட்சிக்குப் போனது. லண்டன் வியாபாரி ஒருவன் கடைக்கே வந்து, "உங்க அலமாரியோட கறை எப்பவும் திறந்தே இருக்குமா, ராத்திரியானா மூடிக்குமா?" என்று கேட்டான். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஃபெர்மோவும் சிரித்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்த மகளைப் பார்த்து, "என்னம்மா, கறை" என்றார். அதற்குப் பிறகு அவர் வாயில் நீவெஸ் என்ற பெயர் வரவே இல்லை.

ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும், வறுத்த கோழியைத் துண்டு போடுவதற்கு முன்னால், கேட்டலாகின் அந்தப் பக்கத்தை எடுத்து உரக்கப் படிப்பார். மேஜை விரிப்பில் ஒயின் கொட்டினால், "யாரும் துடைக்காதீங்க, என் மக கையெழுத்துப் போட்டிருக்கா" என்பார். அவள் கல்யாணத்தில் கோப்பையைத் தூக்கி, "ஒருவழியா கறை போச்சு!" என்றார். மூன்று வருஷத்தில் அந்தக் கல்யாணம் முறிந்து அவள் பெட்டியோடு வந்து நின்றபோது, "நான் அப்பவே சொன்னேனே, நல்ல கறை லேசுல போகாது" என்றார். ஒரெஸ்தேயின் பிள்ளைகளுக்கு அவள் கறை அத்தை. ரொட்டிக் கடைக்காரிக்கும் அப்படித்தான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

நீவெஸ் அதற்குப் பிறகு ஒரு எழுத்துக்கூடத் தப்பு விட்டதில்லை. மரத்தின் தீநாக்கு ரேகை, அலை ரேகை, இறகு ரேகை, குருவிக்கண், வேர்முண்டு என்று எதைக் கொடுத்தாலும் நாலு மொழியில் சொல்லுவாள். சுற்றுவட்டாரத்துப் பட்டறைகளெல்லாம் அவளிடம்தான் வரும். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. சாவதற்குள் அந்த மனிதர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன்னை நீவெஸ் என்று கூப்பிட வேண்டும். ஐம்பத்தோரு வயதுப் பெண்ணுக்கு இது வெட்கம்கெட்ட ஆசை என்று அவளுக்கே தெரியும். தெரிந்தால் மட்டும் ஆசை போய்விடுகிறதா?

அக்டோபரில் அவருக்கு மூளையில் ரத்தம் கட்டியது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போனது, ஆனால் முழுக்கப் போகவில்லை. தண்ணீர், சோறு, ஜன்னல், மகன், மகள் எல்லாச் சொல்லும் அழிந்துபோய், எழுபது வருஷம் கையில் புழங்கிய மரச் சொற்கள் மட்டும் மிச்சம் நின்றன. டாக்டர் கையை விரித்தார். ஒரெஸ்தே, "அக்கா இருக்காளே, மொழிபெயர்க்கிறதுதானே அவ தொழில்! கம்ப்யூட்டரை எங்க வச்சாலும் வேலை ஓடும்" என்று சொல்லிவிட்டான். அவளும் தனியாக இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். இடது பக்கம் அவர் சொல்லும் சொல், வலது பக்கம் அதன் பொருள். அலை என்றால் தாகம். தீ என்றால் வலி. இறகு என்றால் தலையணையைச் சரிசெய்ய வேண்டும். குருவிக்கண் என்றால் விளக்கைப் போடு. முண்டு என்றால் வயிறு இறுகிக் கிடக்கிறது. ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்க இரண்டு நாள், மூன்று நாள் ஆனது. கண்டுபிடித்ததும் கிழவர் கண்ணை மூடித் தலையாட்டுவார். தன் வாழ்க்கையில் அவள் செய்த மொழிபெயர்ப்பில் அவர் தலையாட்டியது அவற்றுக்கு மட்டும்தான்.

மாக்கியா அபெர்த்தா என்று அவர் சொல்ல ஆரம்பித்தது போன வாரம். நீவெஸ் அதையும் இடது பக்கத்தில் எழுதினாள். வலது பக்கத்தைக் காலியாக விட்டாள். அதற்கு என்ன பொருள் வேண்டிக்கிடக்கிறது?

அவரைக் குளிப்பாட்டித் துடைத்துப் பார்த்துக்கொண்டவள் வியோரிகா, மால்தோவாக்காரி. மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்ப் பதினொரு நாள் ஆகிறது. போகும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு காகிதத்தில் ஆறு வரி எழுதிக் கொடுத்தாள். "என் எழுத்து நல்லா இருக்காது, கோச்சுக்காதீங்க சின்னோரா" என்று வேறு சொன்னாள். அன்று சாயங்காலமே நீவெஸ் சிவப்புப் பேனாவை எடுத்து அதிலிருந்த நாலு எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டுத்தான் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். கைப் பழக்கம்.

செவ்வாய்க்கிழமை மூத்திரக் குழாய் மாற்ற வந்த நர்ஸ் அவசரத்தில் இருந்தாள். "தோல் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"முதுகைத் தினமும் பாக்கறேன். ஒரு புண்ணு இல்ல."

"புண்ணியவதி. எல்லா வீட்டுலயும் இப்படி ஒரு மக இருந்தா எனக்கு வேலையே இருக்காது," என்று சொல்லிவிட்டு நர்ஸ் மாடிப்படியில் ஓடினாள்.

கிழவர் காலை ஆட்டிக்கொண்டே இருந்ததால் குளிர்கிறது என்று நினைத்தாள். பிப்ரவரி மாதம், ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. போட்டிருந்த கம்பளிச் சாக்ஸுக்கு மேல் இன்னொரு ஜோடி போட்டுவிட்டாள். இரண்டு நாளாக அறையில் ஒரு வாடை அடித்தது. மூத்திரப் பையாக இருக்கும் என்று அதை மூன்று தடவை கழுவினாள்.

இன்று காலை அவர் முகம் மாறியிருந்தது. மூக்கு கூர்ந்து, காது மடல் மெழுகாகிவிட்டது. "தீ," என்றார். நீவெஸ் நாக்குக்கு அடியில் வலி மருந்து ஐந்து சொட்டு விட்டாள். "தீ. மாக்கியா அபெர்த்தா. மாக்கியா."

"சரிப்பா."

இடது கையை மெல்லத் தூக்கினார். விரல்களைச் சேர்த்து வைத்துப் பிறகு விரித்தார், தகட்டை விரிப்பதுபோல. அவளைப் பார்த்தார், கால் பக்கம் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. அவர் சிரித்துச் சிரித்து அழுவதை அவள் இருபத்தேழு கிறிஸ்துமஸ் பார்த்திருக்கிறாள். அவளுக்குள் எதுவோ அறுந்தது.

குனிந்து, காதருகில் வாயை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "ஆமா, கறைதான். ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு. அதுக்கு என் கல்யாணத்துல சிரிச்சீங்க, அது முறிஞ்சப்ப சிரிச்சீங்க. இப்ப உங்க மூத்திரத்தை அள்ளிக்கிட்டு நிக்கறேன், இப்பவும் அதேதானா? வாயில மிச்சம் இருக்கிற மூச்சை இதுக்குத்தான் சேத்து வச்சிருந்தீங்களா?"

"மாக்கியா," என்றார் கிழவர். கம்பளியை உதைத்தார்.

"கம்பளி வேண்டாமா? எடுத்துடறேன். என் பேரைச் சொல்லுங்க, எடுத்துடறேன். நீ-வெஸ். மூணு எழுத்து. சொல்லுங்க பாப்போம்."

அவர் உதடு அசைந்தது. நீவெஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மூச்சோடு மூச்சாக அந்தப் பழைய சொல்லின் முதல் பாதிதான் வந்தது.

அவள் கம்பளியின் ஓரத்தைப் பிடித்து இழுத்து, இந்தத் தடவை மெத்தையைத் தூக்கி, முழங்கையளவு உள்ளே செருகினாள். இனி யானை உதைத்தாலும் வராது. பிறகு சமையலறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஏப்ரல் கண்காட்சிக்கு ஒரு கேட்டலாக் பாக்கி. முப்பத்தோராம் பக்கத்தில் வால்நட் மேஜை, மேலே விரிந்த ரேகை. 'புக் மேட்ச்' என்று சரியாக, சுத்தமாக எழுதினாள். கோயில் மணி பன்னிரண்டு அடித்தபோது கீழே இயந்திரம் நின்றது. மேலேயும் ஒரு சத்தம் நின்றுபோயிருந்தது. அது நின்ற பிறகுதான் இவ்வளவு நேரமும் அந்த மூச்சுச் சத்தம் காதில் விழுந்துகொண்டிருந்தது என்று அவளுக்குத் தெரிந்தது.

டாக்டர் வந்து, கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்து, தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரெஸ்தே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். தலைமுடியெல்லாம் மரத்தூள்.

"கொடுத்து வச்சவ நீ," என்றான்.

"என்ன?"

"கூடவே பட்டறையில நின்னது நான். முப்பது வருஷம். ஒரு தடவை என்னைக் கூப்பிட்டாரா? இந்த நாலு மாசத்துல ஒரு தடவை? கடைசி வரைக்கும் உன்னைத்தான். மாக்கியா, மாக்கியா, மாக்கியா."

"என்னைக் கேலி பண்ணாருடா."

"சாகிற மனுஷன் எவனாவது கேலி பண்ணுவானா? அவருக்கு உன் பேருன்னு தெரிஞ்சது அதுதான். அதை விட்டா வேற பேரு மண்டையில இல்ல. உன்னை வா வான்னு கூப்பிட்டிருக்காரு. நீதான் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்ச."

சொல்லிவிட்டு உள்ளங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். பெட்டி செய்ய வேண்டும். மூடிக்கு எந்த மரம் என்று கிழவரே பத்து வருஷத்துக்கு முன்னால் ஒதுக்கி வைத்திருந்தார்.

நீவெஸ் அப்படியே நின்றாள். என்னைக் கூப்பிட்டிருக்கிறார். இத்தனை நாளாக, வேறு சொல் இல்லாமல், இருக்கிற ஒரே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். ஒன்று அலை, ஒன்று தீ, ஒன்று நான். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, துக்கத்தில் இல்லை, ஒரு வெட்கம்கெட்ட சந்தோஷத்தில். அப்பாவின் நெற்றியில் கை வைத்தாள். இன்னும் சூடு இருந்தது. "இங்கதான் இருக்கேன்ப்பா," என்றாள். "மாக்கியா வந்துட்டேன்." தன் வாயால் அந்தப் பெயரை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

மூன்று மணிக்குள் உடுத்திவிட வேண்டும், பிறகு உடம்பு விறைத்துவிடும். ஒரெஸ்தேயின் மனைவி லொரெதானா பக்கத்து ஊர் நாற்காலிக்காரர் மகள். வாய் நீளம், கையும் வேகம். நீலக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கறுப்புத் தோல் ஷூ எல்லாம் எடுத்து வந்தாள்.

"இந்த ஷூவை உன் கல்யாணத்துக்குத்தான் வாங்கினாரு," என்றாள். "அதுக்கப்புறம் போட்டதே இல்ல. புதுசு மாதிரி இருக்கு பாரு."

நீவெஸ் சிரித்தேவிட்டாள். இரண்டு பேருமாகத் துடைத்தார்கள், சட்டை போட்டார்கள், டை கட்டினார்கள். தலையை வாரி, பக்கவாட்டில் வகிடு எடுத்தாள் நீவெஸ். அப்படி ஒரு மிருதுவான மத்தியானம் அவளுக்கும் அவருக்கும் இடையில் ஒருநாளும் வாய்த்ததில்லை.

லொரெதானா கால்மாட்டுக்குப் போய்க் கம்பளியை இழுத்தாள். வரவில்லை. "யாரு இதை இப்படிச் செருகினது? ஆணி அடிச்ச மாதிரி இருக்கு." மெத்தையைத் தூக்கி உருவினாள். மேல் சாக்ஸைக் கழற்றினாள். அடிச் சாக்ஸைப் பிடித்து இழுத்தவள் நிறுத்தினாள்.

"ஒட்டிக்கிட்டிருக்கு," என்றாள்.

"என்ன ஒட்டிக்கிட்டிருக்கு?"

"தண்ணி கொண்டா. வெந்நீர்."

நீவெஸ் கொண்டுவந்தாள். லொரெதானா சாக்ஸை நனைத்து நனைத்து, குதிகால் பக்கமாக உரித்தாள். இரண்டு நாளாக அறையில் அடித்த வாடை இப்போது நேராக முகத்தில் அடித்தது. வலது கால், பிறகு இடது கால்.

இரண்டு குதிகாலிலும் தோல் வாய் பிளந்திருந்தது. நடுவில் கறுப்பு, அதைச் சுற்றிக் கருஞ்சிவப்பு, அதைச் சுற்றி மஞ்சள், வெளி விளிம்பில் வளையம் வளையமாக ஊதா. இடது காலில் எப்படியோ, வலது காலில் அதுவே திரும்பி. இரண்டு பாதங்களும் அருகருகே கிடந்தன.

"ஏசுவே," என்றாள் லொரெதானா. அவளும் மரக்காரர் வீட்டுப் பெண்தான். கண் தானாகப் பார்த்துவிட்டது, வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ரெண்டும் அப்படியே விரிச்சு வச்ச..."

அந்தச் சொல் வருவதற்குள் நிறுத்திக்கொண்டாள். நீவெஸ்ஸின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

கீழேயிருந்து ஒரெஸ்தே கத்தினான். "என்ன ஆச்சு? ஆச்சா இல்லையா?"

"ஆச்சு," என்று நீவெஸ் பதில் கொடுத்தாள். "ஷூதான் கொஞ்சம் இறுக்கம்."

புதுச் சாக்ஸை அவளே போட்டாள். ஷூவையும் அவளே போட்டு, கயிற்றை இழுக்காமல் தளர்வாகக் கட்டினாள். செத்த காலுக்கு இனி எது வலிக்கப்போகிறது? ஆனாலும் கயிற்றை அவளால் இழுக்க முடியவில்லை.

லொரெதானா கழற்றிய சாக்ஸுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றினாள். "நான் எரிச்சுடறேன். உன் தம்பிகிட்ட சொல்லமாட்டேன். யாருகிட்டயும் சொல்லமாட்டேன்," என்றாள் மெதுவாக. இரக்கம்தான். அந்த இரக்கத்துக்குப் பதில் நாலு அறை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நீவெஸ்ஸுக்குத் தோன்றியது.

கை கழுவச் சமையலறைக்குப் போனாள். ஃபிரிட்ஜ் கதவில் வியோரிகாவின் காகிதம் அப்படியே இருந்தது. பதினொரு நாளில் எத்தனை தடவை அந்தக் கதவைத் திறந்து மூடியிருப்பாள்! முதல் வரி, மாத்திரை. இரண்டாவது, சூப்பு. மூன்றாவது, முதுகைத் திருப்பு. நாலாவது வரி: தல்லோனி, சாக்ஸ் கழற்றிப் பார், கிரீம், காலை, மாலை.

தல்லோனி என்றால் குதிகால். வியோரிகா தலோனி என்றுதான் எழுதியிருந்தாள். விட்டுப்போன அந்த ஒற்றெழுத்து, தன் இடத்தில், சிவப்பு மையில், அழகாக உட்கார்ந்திருந்தது.

நீவெஸ் காகிதத்தை எடுத்து நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். வலது பக்கத்தில் காலியாக இருந்தது ஒரு வரிதான். அதில் குதிகால் என்று எழுதினாள். எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் அவள் எழுதிக் கொடுத்ததை, எல்லாச் சொல்லும் போன பிறகு, அந்த மனிதர் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார். அவள் எழுதிய பொருளில்தான், திறந்து கிடக்கிற கறை என்றுதான் சொன்னார். அவள்தான் அதைத் தன் பட்டப்பெயராக எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பெட்டியைப் பட்டறை நடுவில், இரண்டு வேலை மேஜைகளைச் சேர்த்து அதன் மேல் வைத்தார்கள். ஊரே வந்தது. மேதாக்காரர்கள் சாவு வீட்டுக்கு வந்தாலும் முதலில் பிணத்தைப் பார்க்கமாட்டார்கள், பெட்டியைப் பார்ப்பார்கள். குனிந்து மூலை இணைப்பைத் தடவினார்கள், அடிப்பலகையை விரலால் தட்டிக் கேட்டார்கள். பாதிரியார் வருவதற்குள் மூட வேண்டும் என்று ஒரெஸ்தே மூடியைத் தூக்கி வந்து வைத்தபோது ஒரு 'ஆஹா' எழுந்தது.

வால்நட். கிழவரே சீவி ஒதுக்கிய இரண்டு தகடுகள், நடுவில் மயிரிழைகூடத் தெரியாத இணைப்பு. கறுப்பு நடு, சுற்றிலும் கருஞ்சிவப்பு, விளிம்பில் வளையம் வளையமாக மஞ்சள். இடதில் இருப்பது வலதில் திரும்பி.

ஃபெர்மோவோடு நாற்பது வருஷம் வேலை பார்த்த அக்கீல்லே, கைத்தடியை ஒரெஸ்தேயிடம் கொடுத்துவிட்டு, கட்டைவிரலை இணைப்பின் மேல் தலையிலிருந்து கால்வரை இழுத்துப் பார்த்தான். "நகம் மாட்டல," என்றான். கண் கலங்கியிருந்தது. இந்த மாதிரி ஆட்களுக்குக் கண் கலங்கினால் வாய் சும்மா இருக்காது. நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தான்.

"கிழவன் இருந்திருந்தா இப்ப கேட்டிருப்பான். அவனுக்காக நான் கேக்கறேன், கோச்சுக்காதே. ஏம்மா கறை, இதுக்கு இங்கிலீஷ்ல என்னம்மா பேரு?"

நாலைந்து பேர் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். ஒரெஸ்தே முகத்தில்கூட ஒரு கோணல் சிரிப்பு எட்டிப் பார்த்தது. எல்லோரும் நீவெஸ்ஸைப் பார்த்தார்கள்.

அவள் மூடியின் கால்மாட்டில் கை வைத்திருந்தாள்.

"ஓப்பன் ஸ்டெயின்," என்றாள்.

பட்டறை வெடித்துச் சிரித்தது. மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார்கள், ஒருவரை ஒருவர் தோளில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். "இதான்! இவதான் அவன் மக!" என்று அக்கீல்லே அவளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். கேலியை இத்தனை வருஷம் கழித்து அவளே வாங்கிக்கொண்டாளே என்று ஊருக்கு அவள் மேல் அன்று ஒரு பிரியமே வந்துவிட்டது. ஒரெஸ்தே சிரித்தபடியே முதல் திருகாணியை முடுக்கினான்.

லொரெதானா மட்டும் சுவரோரம் நின்று, குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.